சூறாவளிக்கு வழி வகுப்பது எது?

கடலிலே பிறந்து, கடலிலே வளர்ந்து, கரையிலே வந்து மடிவது சூறாவளி. அட்லாண்டிக் பெருங்கடலில் அது தோன்றினால் ‘ஹரிக்கேன்’ என்பர்; மேற்குப் பசிபிக்கில் ‘டைஃபூன்’ என்பர்; நம் வங்கக் கடலில் ‘புயல்’ என்கிறோம். பெயர் மூன்றானாலும் பொருள் ஒன்றே. ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் வெம்மையுற்ற கடல்நீரே இதன் உணவு. அந்நீரிலிருந்து எழும் ஆவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகும்போது வெளிப்படும் வெப்பமே இதன் ஆற்றல். மணிக்கு 119 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று வேகத்தை எட்டிய பின்னரே அட்லாண்டிக் புயலொன்று ‘ஹரிக்கேன்’ என்னும் பெயரைப் பெறுகிறது.

சூறாவளி எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பாடநூல்கள் விரிவாகவே கூறுகின்றன. ஆனால், பிறந்த சூறாவளி எங்கே போகும் என்பதுதான் கரையோரத்தில் வாழும் மக்களின் கேள்வி. எந்த ஊர் மக்களை அப்புறப்படுத்துவது, எந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது, கடலுக்குள் சென்ற மீனவர்களை எப்போது திருப்பி அழைப்பது என்பனவெல்லாம் அந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்தவை. அவ்விடையைப் புயலுக்குள் தேடினால் கிடைக்காது. புயலைச் சூழ்ந்துள்ள காற்றழுத்த அமைப்பில்தான் அதைத் தேட வேண்டும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு வேகங்கள்

ஒரு சூறாவளிக்கு இரண்டு வேகங்கள் உண்டு. ஒன்று, அதன் மையத்தைச் சுற்றிக் காற்று சுழலும் வேகம். இது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டக்கூடும். மற்றொன்று, புயல் முழுவதும் இடம் விட்டு இடம் பெயரும் வேகம். வெப்ப மண்டலத்தில் இது பெரும்பாலும் மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வரைதான். நல்ல சைக்கிள் ஓட்டி ஒருவர் ஈடுகொடுத்துவிடக் கூடிய வேகமே இது!

இவ்விரு வேகங்களையும் வேறுபடுத்திப் பார்க்க ஆறு ஒன்றை நினைத்துக் கொள்வோம். வெள்ளம் பெருகி ஓடும் ஆற்றின் நடுவே ஒரு சுழி மிதந்து செல்கிறது. சுழி தன்னளவில் விரைந்து சுற்றுகிறது. எனினும், அது கீழ்நோக்கிச் செல்வதற்குக் காரணம் அதன் சுற்றல் அன்று, ஆற்றின் ஓட்டமே. ஆறு வளைந்தால் சுழியும் வளையும். ஆறு தேங்கினால் சுழியும் ஒரே இடத்தில் நின்று சுற்றும். வளிமண்டலம் என்னும் பேராற்றில் சூறாவளியும் அத்தகைய ஒரு சுழியே. அந்த ஆற்றுக்குக் கரைகளாக அமைந்து, அதன் போக்கை வகுப்பவை உயரழுத்த மண்டலங்களும் தாழ்வழுத்தப் பள்ளங்களும் ஆகும்.

அழுத்தமும் காற்றும்

கடல் மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் 1013 மில்லிபார் என்பதை நாம் அறிவோம். ஒரே அழுத்தமுள்ள இடங்களை இணைத்து வரையும் கோடுகள் சமஅழுத்தக் கோடுகள் எனப்படும். நிலப்படத்தில் சமஉயரக் கோடுகள் மலையையும் பள்ளத்தாக்கையும் காட்டுவது போல, இக்கோடுகள் காற்றின் மேடுபள்ளங்களைக் காட்டுகின்றன.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவது போல, உயரழுத்தத்திலிருந்து தாழ்வழுத்தத்துக்குக் காற்று நேராக ஓடிவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால், பூமி சுழல்கிறது. அதன் விளைவாக, வட அரைக்கோளத்தில் ஓடும் காற்று தன் வலப்புறமாகத் திருப்பப்படுகிறது. இதையே கோரியாலிஸ் விளைவு என்கிறோம். முடிவில், காற்று சமஅழுத்தக் கோடுகளைக் குறுக்கே கடந்து ஓடாமல், பெரும்பாலும் அவற்றை ஒட்டியே ஓடுகிறது. ஆகவே வட அரைக்கோளத்தில் உயரழுத்த மண்டலத்தைச் சுற்றிக் காற்று வலஞ்சுழியாகவும், தாழ்வழுத்த மண்டலத்தைச் சுற்றி இடஞ்சுழியாகவும் செல்கிறது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் நமது இடப்புறத்தில் இருக்கும் என்ற எளிய விதியை டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857-இல் வெளியிட்டார். தென் அரைக்கோளத்தில் இவையனைத்தும் தலைகீழாகும்.

இந்த விதியிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி ஒன்று கிடைக்கிறது. உயரழுத்த மண்டலத்தின் தென்புறத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடும். மேற்கு விளிம்பில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வடபுறத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். சூறாவளி ஒன்று அந்த மண்டலத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கத்து ஓட்டமே அதனைச் சுமந்து செல்லும். சூறாவளிப் பாதையின் அரிச்சுவடி இதுவே எனலாம்.

அட்லாண்டிக்கின் பெருமேடு

வட அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, அசோர்ஸ் தீவுகளுக்கும் பெர்முடாவுக்கும் இடையே, பரந்த உயரழுத்த மண்டலம் ஒன்று ஆண்டு முழுவதும் வீற்றிருக்கிறது. கோடையில் இது வலுவடைந்து மேற்கு நோக்கி விரியும். ஹரிக்கேன்களின் தலைவிதியை எழுதும் மண்டலம் இதுவே.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை விட்டுக் கடலில் இறங்கும் காற்றலைகள் சில, கேப் வெர்ட் தீவுகளுக்கு அருகே புயல்களாக உருவெடுக்கின்றன. அவை பெருமேட்டின் தென்புறத்தில் இருப்பதால், வியாபாரக் காற்றோடு மேற்கே செல்கின்றன. மேற்கு விளிம்பை அடைந்ததும் வடக்கே திரும்புகின்றன. மேலும் வடக்கே சென்றதும் மேலைக் காற்றில் அகப்பட்டு வடகிழக்கே விரைகின்றன. படத்தில் வரைந்தால் இப்பாதை ஒரு பரவளைவு போலத் தோன்றும்.

புயல் எந்த இடத்தில் வடக்கே திரும்பும்? இங்கேதான் ஊர்களின் வாழ்வும் தாழ்வும் இருக்கின்றன. பெருமேடு சுருங்கிக் கிழக்கே ஒதுங்கியிருந்தால், புயல் நடுக்கடலிலேயே திரும்பிக் கப்பல்களுக்கு மட்டும் அச்சம் தந்துவிட்டு மறையும். பெருமேடு மேற்கே நீண்டிருந்தால், புயல் திரும்ப இடமின்றி ஃபுளோரிடாவையோ மெக்சிகோ வளைகுடாவையோ நோக்கித் தள்ளப்படும். மேலைக் காற்றில் தோன்றும் தாழ்வழுத்தப் பள்ளம் ஒன்று வந்து பெருமேட்டைப் பிளந்தால், அந்த இடைவெளியே கதவு திறந்தது போலாகி, புயல் அதன் வழியே வடக்கே நழுவிவிடும்.

மேலே நடக்கும் ஓட்டம்

கடல் மட்டத்து அழுத்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு புயலின் வழியைக் கணித்துவிட முடியாது. முதிர்ந்த சூறாவளி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரம் வரை எழும்பி நிற்கும் ஒரு தூண். அதன் அடியில் ஒரு காற்றும், நடுவில் ஒரு காற்றும், உச்சியில் வேறொரு காற்றும் வீசக்கூடும். இவற்றின் கூட்டு விளைவே தூணை நகர்த்துகிறது. ஆகவே வானிலை அறிஞர்கள் பல மட்டங்களின் காற்றைச் சராசரி செய்து பார்க்கின்றனர். அழுத்தம் 500 மில்லிபாராகக் குறையும் மட்டம், அதாவது ஐந்தரை கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரம், அவர்கள் கூர்ந்து கவனிக்கும் ஒன்று.

வலுக்குறைந்த புயல் உயரமாக எழுவதில்லை. அதனைத் தாழ்ந்த மட்டத்துக் காற்றே இழுத்துச் செல்லும். வலுத்த புயலையோ முழு உயரத்தின் காற்றும் சேர்ந்து செலுத்தும். எனவே ஒரே இடத்தில் நிற்கும் இரு புயல்கள், வலிமையில் வேறுபட்டால், திசையிலும் வேறுபடலாம். புயலின் வலிமையைத் தவறாகக் கணித்தால் அதன் பாதையும் தவறிப் போவது இதனால்தான்.

புயலுக்கென்று சொந்த நகர்வு ஒன்றும் சிறிதளவு உண்டு என்பதைக் கூறாமல் விடலாகாது. கோரியாலிஸ் விளைவு துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல மிகுவதால், வட அரைக்கோளத்துப் புயல் தானாகவே வடமேற்கே மெல்ல ஒதுங்கும். இது மணிக்குச் சில கிலோமீட்டர் அளவே. அருகருகே இரு புயல்கள் அமைந்தால் ஒன்றையொன்று சுற்றிவரும் என்பதை ஜப்பானிய அறிஞர் ஃபுஜிவாரா 1921-இல் எடுத்துக்காட்டினார். எனினும், இவையெல்லாம் துணைக் காரணங்களே. தலைமைக் காரணம் சூழ்ந்துள்ள ஓட்டமே.

முன்னோடிகள்

இவ்வறிவு ஒரு நாளில் வந்ததன்று. 1821-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பயணம் செய்த வில்லியம் ரெட்ஃபீல்ட், ஓரிடத்தில் ஒரு திசை நோக்கியும் வேறோரிடத்தில் எதிர்த்திசை நோக்கியும் மரங்கள் சாய்ந்து கிடந்ததைக் கண்டார். புயல் என்பது நகர்ந்து செல்லும் ஒரு பெருஞ்சுழல் என்ற முடிவுக்கு வந்த அவர், அதனை 1831-இல் வெளியிட்டார். கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், மாலுமிகளுக்காக 1848-இல் எழுதிய நூலில் ‘சைக்ளோன்’ என்னும் சொல்லைப் படைத்தார். உலகமே இன்று வழங்கும் அச்சொல் நம் வங்கக் கரையிலே பிறந்தது என்பது நமக்குப் பெருமை தருவதாகும்.

கியூபாவின் ஹவானா நகரில், பெலென் கல்லூரி வானிலை ஆய்வகத்தின் தலைவராக 1870-இல் பொறுப்பேற்றவர் பெனிட்டோ வினியெஸ் என்னும் பாதிரியார். உயரத்தில் கீற்றுக் கீற்றாகப் பரவும் மேகங்கள் எத்திசையிலிருந்து வருகின்றன என்பதை நாள்தோறும் குறித்து, அதிலிருந்து கண்ணுக்கெட்டாத புயலின் இருப்பிடத்தை உய்த்துணர்ந்தார். 1875 செப்டம்பரில் அவர் விடுத்த முன்னறிவிப்பு, ஹரிக்கேன் பற்றிய முதல் முன்னறிவிப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. புயல்கள் வடக்கே திரும்பும் இடம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார். பெருமேடு பருவத்துக்கேற்ப இடம் மாறுவதே அதற்குக் காரணம் என்பதை இன்று நாம் அறிவோம்.

மூன்று பாடங்கள்

கொள்கையை இதுவரை கண்டோம். இனி, மூன்று ஹரிக்கேன்களைச் சான்றாகக் காண்போம்.

முதலாவது, 1938 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியைத் தாக்கிய புயல். வழக்கம் போல அது வடகிழக்கே திரும்பி நடுக்கடலுக்குச் சென்றுவிடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், அவ்வாண்டு அட்லாண்டிக்கின் பெருமேடு வழக்கத்தைவிட வடக்கே தள்ளி நின்று கிழக்குப் பாதையை அடைத்திருந்தது. மேற்கே ஒரு தாழ்வழுத்தப் பள்ளம் நின்றது. இரண்டுக்கும் இடையே தெற்கிலிருந்து வடக்கே ஒரு குறுகிய வாய்க்கால் போல வேகமான காற்றோட்டம் அமைந்துவிட்டது. காலையில் ஹாட்டெராஸ் முனைக்கு அப்பால் கடலில் இருந்த புயல், அன்று பிற்பகலிலேயே லாங் ஐலண்டில் ஏறியது. மணிக்கு 75 கிலோமீட்டர் அளவுக்கு அது விரைந்தது. எச்சரிக்கை மக்களை எட்டுவதற்குள் புயல் எட்டிவிட்டது. மாண்டவர் அறுநூறு பேருக்கு மேல். ஓட்டம் வலுத்தால் காலம் சுருங்கும் என்பது இதன் பாடம்.

இரண்டாவது, 2012 அக்டோபரில் தோன்றிய ‘சாண்டி’. கரீபியன் கடலில் பிறந்து, அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு இணையாக வடக்கே சென்றது. அக்டோபர் இறுதியில் இத்தகைய புயல்கள் கிழக்கே திரும்பிப் போவதே இயல்பு. ஆனால், கிரீன்லாந்தை ஒட்டிய வட அட்லாண்டிக்கில் ஓர் உயரழுத்த மண்டலம் அசையாது நின்று கிழக்கு வழியை மறித்தது. அதே வேளையில் அமெரிக்க நிலப்பரப்பின் மீது ஆழ்ந்த தாழ்வழுத்தப் பள்ளம் ஒன்று மேற்கிலிருந்து வந்து சேர்ந்தது. ஒருபுறம் சுவர், மறுபுறம் ஈர்ப்பு! சாண்டி இடப்புறமாகத் திரும்பி, அக்டோபர் 29 இரவு நியூ ஜெர்சிக் கரையில் ஏறத்தாழச் செங்குத்தாக மோதியது. கரையேறும்போது அதன் மைய அழுத்தம் 945 மில்லிபார். அதன் வலப்புறக் காற்று கடல்நீரை நியூயார்க் துறைமுகத்துக்குள் தள்ளியது. சுரங்க ரயில் பாதைகளில் கடல் புகுந்தது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டு வானிலை மையம் இந்தத் திருப்பத்தை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே கணித்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அந்தத் திருப்பத்துக்கான காரணம், புயலிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

மூன்றாவது, 2017 ஆகஸ்டில் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய ‘ஹார்வி’. ஆகஸ்ட் 25 அன்று ராக்போர்ட் நகருக்கு அருகே கரையேறியது. அதன் மேற்கே ஓர் உயரழுத்த மண்டலம், கிழக்கே மற்றொன்று. இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் செலுத்த, ஒன்றின் விசையை மற்றொன்று தின்றுவிட்டது. புயல் போக வழியின்றி நின்றது. மெல்லத் திரும்பிக் கடலுக்குள் இறங்கி, ஆகஸ்ட் 30 அன்று லூசியானாவில் மீண்டும் கரையேறியது. இடைப்பட்ட நாட்களில் கடலின் ஈரத்தை அள்ளி அள்ளி ஒரே நிலப்பரப்பில் கொட்டியது. நெதர்லாந்து என்னும் டெக்சாஸ் ஊரில் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது மிகுதி! ஹூஸ்டன் மாநகரம் நீரில் மிதந்தது. ஓட்டம் நின்றால் ஆபத்தும் நின்றுவிடாது. அது ஓரிடத்தில் குவியும் என்பது இதன் பாடம்.

வங்கக் கடலில்

அட்லாண்டிக்குக்கு உரிய இதே விதிதான் வங்கக் கடலுக்கும் உரியது. இங்கும் கிழக்கு மேற்காக நீண்ட ஓர் உயரழுத்த முகடு வளிமண்டலத்தின் மேல்மட்டங்களில் அமைகிறது. பருவம் குளிரை நோக்கிச் செல்லச் செல்ல அது தெற்கே இறங்குகிறது. முகட்டுக்குத் தெற்கே உள்ள புயல் மேற்கே நகர்ந்து தமிழகத்தையோ ஆந்திரத்தையோ அடையும். முகட்டின் மேற்கு விளிம்பைச் சுற்றிவரும் புயல் வடக்கே திரும்பி ஒடிசா, வங்காளம், வங்கதேசம், மியான்மர் ஆகிய கரைகளை நாடும். 2020 மே மாதத்து ‘அம்பன்’ புயல் தெற்கு வங்கக் கடலில் தோன்றியும் நம் கரைக்கு வராமல் வடக்கே சென்று, மே 20 அன்று மேற்கு வங்கத்தில் கரையேறியது. அதன் கிழக்கே இருந்த உயரழுத்த முகடே அதனை வடக்கே செலுத்தியது.

2016 டிசம்பர் 12 அன்று ‘வர்தா’ மேற்கு நோக்கி நேராக வந்து சென்னையைக் கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. எனினும், அது வந்த வேகத்தில் போய்விட்டது. 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் ‘மிக்ஜாம்’ சென்னைக்கு அப்பால் கடலிலேயே மெல்ல ஊர்ந்தது. அது கரையேறியதோ டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே. ஆனாலும், சென்னை வெள்ளத்தில் தத்தளித்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ‘ஃபெஞ்சல்’ புயலின் காற்று வலிமை மிக்கதன்று. மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். ஆனால், கரையேறிய பின் பல மணி நேரம் அது நகரவேயில்லை. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வலிய புயலைவிட, வழியற்ற புயல் கொடியதாகக்கூடும் என்பதை ஹார்வி டெக்சாசுக்குக் கற்பித்தது போல, ஃபெஞ்சல் நமக்குக் கற்பித்தது.

முன்னறிவிப்பும் நம் கடமையும்

புயலின் வழியைச் சூழ்ந்துள்ள அழுத்தமே வகுக்கிறது என்றால், அளவீடுகளும் புயலைச் சுற்றியே எடுக்கப்பட வேண்டும் அல்லவா? ஆளில்லாப் பெருங்கடலில் இதுதான் பெரிய இடர்ப்பாடு. செயற்கைக்கோள்களும் பலூன்களும் ஓரளவு உதவுகின்றன. அட்லாண்டிக்கில் 1997 முதல் அமெரிக்க ஆய்வு ஜெட் விமானம் ஒன்று, புயலுக்குள் நுழையாமல் அதன் சுற்றுப்புறத்தில் மிக உயரத்தில் பறந்து, பாராசூட் கட்டிய கருவிகளைக் கீழே விடுகிறது. அவை இறங்கும் வழியெல்லாம் அழுத்தம், வெப்பநிலை, ஈரம், காற்று ஆகியவற்றை அளந்து வானொலி மூலம் அனுப்புகின்றன. இவ்வளவீடுகளைக் கணிப்பொறிகளில் செலுத்தி, வளிமண்டலம் முழுவதன் ஓட்டத்தையும் கணக்கிடுகின்றனர். 1970-களில் அட்லாண்டிக் புயல் ஒன்று மூன்று நாட்களுக்குப் பின் இருக்கும் இடத்தைச் சொல்வதில் சராசரியாக 600 கிலோமீட்டருக்கு மேல் பிழை இருந்தது. அண்மை ஆண்டுகளில் அது 200 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியுள்ளது. புயல்கள் மாறிவிடவில்லை; அவற்றைச் சூழ்ந்துள்ள ஓட்டத்தைப் பற்றிய நம் அறிவே வளர்ந்துள்ளது.

இருப்பினும் பிழை முற்றிலும் நீங்காது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் புயல் மூன்று நாட்களில் 1,440 கிலோமீட்டர் செல்லும். திசையில் பத்து டிகிரி மட்டும் தவறினால், முடிவில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் விலகிவிடும். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே உள்ள நேர்த்தொலைவு ஏறத்தாழ அவ்வளவுதான்! எங்கோ ஓர் உயரழுத்த முகடு சற்றே சாய்ந்தால், ஒரு மாவட்டத்தின் துயரம் மற்றொரு மாவட்டத்துக்குப் போய்விடும்.

ஆகவே, “சென்னைக்கு வரும் என்றார்கள், ஆந்திராவுக்குப் போய்விட்டது” என்று வானிலை அறிவிப்பை எள்ளி நகையாடுவது படித்தவர்க்கு அழகன்று. அறிவிப்பு மாறுகிறது என்றால், அளந்து கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். புயல் திசை மாறியது கேட்டு மகிழ்வதற்கு முன், அது திரும்பிய திசையிலும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதை எண்ண வேண்டும். ‘காற்றின் வேகம் குறைவு’ என்று கேட்டவுடன் கவலையின்றிப் படுத்துவிடவும் கூடாது. ‘புயல் எவ்வளவு விரைவாக நகர்கிறது?’ என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும். ‘நகர்வு குறைந்தது’, ‘அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது’ என்று வானொலியில் வரும் சொற்கள் ஆறுதல் மொழிகள் அல்ல. தாழ்ந்த இடங்களில் வாழ்பவர் மேட்டுக்குச் செல்ல வேண்டிய நேரம் அது.

நம் கல்லூரியில் பயிலும் மாணவர் பலர் கரையோரச் சிற்றூர்களிலிருந்து வருகின்றனர். சமஅழுத்தக் கோடு தேர்வில் வரைந்து மதிப்பெண் பெறுவதற்கு மட்டும் உரியதன்று. அடுத்த புயல் உருவாகும் நாளில், அக்கோடுகளைப் பார்த்து அதன் பொருளைத் தம் வீட்டாருக்கும் ஊராருக்கும் எடுத்துச் சொல்ல ஒவ்வொரு மாணவரும் முன்வருவாராயின், வகுப்பறையில் கற்ற கல்வி கடற்கரையில் பயன் தரும்.